பதினோரு மணி என் முறை

உக்காரும்மா, ஜன்னல் பக்கம் நீயே உக்காரு. எனக்கு ஜன்னல் வேண்டாம். ஜன்னல்ல இருந்தா எதிர்ல வார லாரியெல்லாம் என்னையத் தேடித்தான் வாரது மாதிரி இருக்கும். மதுரைக்குத்தானே? நாங்களும் மதுரைக்குத்தான். அந்தா, டிரைவருக்குப் பின்னால மூணாவது வரிசையில வெள்ளச் சட்டை, தோள்ல துண்டு, அவியதான் எங்க வீட்டுக்காரவிய. எபநேசர் சார்னா சாத்தான்குளம் பக்கத்துல எல்லாருக்கும் தெரியும். ஹெட்மாஸ்டரா இருந்து ரிட்டையர் ஆனவிய. ரெண்டு பேருக்கும் சேந்தாப்புல சீட்டு கெடைக்கல, அதான் நான் இங்க. ஆஸ்பத்திரிக்குப் போறோம். பயப்படாத, செக்கப்புக்குத்தான். பைபாஸ் ஆபரேஷன் முடிஞ்சு நாப்பது நாளாவுது.

பயப்படாதன்னு ஒனக்குச் சொல்லுதேன் பாத்தியா. சொல்லுத ஆளைப் பாரு. காலையில வீட்டைப் பூட்டுனேன், "ஆண்டவரே, இந்த வீட்டை உம்ம கையில ஒப்படைக்கேன்"னு ஜெபம் பண்ணுனேன், ஆமென் சொன்னேன். சொல்லிட்டு பூட்டை நாலு தடவை இழுத்துப் பாத்தேன். தெருமுக்குல இருந்து திரும்பிப் போயி அஞ்சாவது தடவையும் இழுத்தேன். அவிய ஆட்டோவுல உக்காந்து முன்னாலயே பாத்துட்டு இருந்தாவ.

இந்தப் பயம் எனக்கு எப்ப வந்துதுன்னு கேட்டா சொல்லத் தெரியல. மகன் பொறந்தப்ப வந்துதுன்னு நெனைக்கேன். அவனுக்கு இப்ப முப்பத்தொரு வயசு, கத்தார்ல இருக்கான், பயம் மட்டும் என்கூட இங்கயே இருந்துட்டு. போன் அடிச்சா பயம், அடிக்கலைன்னா அதைவிடப் பயம். நெஞ்சு படபடன்னு அடிக்கும், உள்ளங்கை வேர்க்கும். எங்க வீட்டுக்கு வந்தா நீ சிரிப்ப. காலண்டர்ல உள்ள பைபிள் வாக்குத்தத்த வசனத்தை எல்லாம் வெட்டி வெட்டி ஒட்டி வச்சிருக்கேன். கேஸ் அடுப்புக்கு மேல ஒண்ணு, மோட்டார் சுவிச்சுக்கு மேல ஒண்ணு, மாடிப்படியில வழுக்குத எடத்துல ரெண்டு. மீட்டர் பாக்க வாரவன் வசனத்தை வாசிச்சுட்டுத்தான் மீட்டரை வாசிப்பான்.

திருநெல்வேலியில ஒரு டாக்டர்ட்டயும் போனேன். "ஹார்ட்டு நல்லா இருக்கும்மா, இது மனசுல உள்ள படபடப்பு"ன்னு மாத்திரை எழுதிக் கொடுத்தாரு. அந்த மாத்திரையால ஏதாவது வந்திருமோன்னு பயந்து ஒரு மாசம் போடல. அப்புறம் ஜெபம் பண்ணிட்டுப் போட்டேன். கொறஞ்சுது, பொய் சொல்லக் கூடாது. ஆனா நல்லா கேட்டுக்கோ, முப்பது வருஷமா நெஞ்சு நெஞ்சுன்னு பிடிச்சிட்டு அலைஞ்சவ நான். கடைசியில மூணு எடத்துல அடைப்பு இருந்தது யாருக்கு? வாயைத் தொறக்காம முன்னால உக்காந்திருக்காவளே, அவியளுக்கு.

ஆபரேஷன்னு டாக்டர் சொன்ன அன்னைக்கி நான் நாற்காலிக் கையைப் பிடிச்சிட்டேன். இவிய, "எத்தனை மணிக்கு வரணும்?"னு மட்டும் கேட்டாவ. பள்ளிக்கூடத்துல இன்ஸ்பெக்‌ஷனுக்குத் தேதி கேக்குத மாதிரி. எப்பவுமே அப்படித்தான். கல்யாணமாயி முப்பத்துமூணு வருஷத்துல அவிய பயந்து நான் பாத்ததே கெடையாது. புயல் அடிக்கும், நான் எந்திச்சு கதவு கதவாப் போயி தாழ்ப்பாளைப் பாப்பேன், அவிய கண்ணை மூடி அசையாமப் படுத்திருப்பாவ. விசுவாசம்னா இவியளுக்குள்ள விசுவாசம், எனக்குள்ளது வெறும் வசனம் ஒட்டுத விசுவாசம்னு நானே எங்க கோயில் பொம்பளைங்க சங்கத்துல சொல்லியிருக்கேன். எல்லாரும் சிரிப்பாவ.

ஒனக்கு நெத்தியில குங்குமம் இருக்கு, எங்க பழக்கம் தெரியாது. சொல்லுதேன். எங்க சபையில சங்கிலி ஜெபம்னு ஒண்ணு உண்டு. யாருக்காவது பெரிய காரியம்னா, காலையில ஆறுல இருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஆளு, அவங்கவங்க வீட்டுல முட்டங்கால் போட்டு ஜெபிக்கணும். ஒருத்தி ஆமென் சொல்லுதப்ப அடுத்தவ ஆரம்பிச்சிரணும். நடுவுல அந்து போவக் கூடாது. பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு நான் செகரட்டரி. ஆபரேஷனுக்கு நானே பேரு எழுதுனேன், பன்னெண்டு பேரு.

பேரு எழுதுததுலயும் எனக்குப் பயம். ஆறு மணிக்கு ஐயரம்மா. எங்க குருவானவரை ஐயர்னுதான் சொல்லுவோம், அவங்க சம்சாரம் ஐயரம்மா. அவங்களை நம்பலாம். எட்டு மணிக்கு பியூலா டீச்சர். ஜெபம் உருக்கமாப் பண்ணுவா, ஆனா குக்கர் விசில் கேட்டா எந்திச்சிருவா. கிருபாவதிக்கு கண்ணை மூடுனா சொக்கிரும், அவளை மத்தியானத்துல போடவே கூடாதுன்னு ஏழு மணிக்குப் போட்டேன். போட்டுட்டு, "யக்கா, காப்பி குடிச்சுட்டு முட்டங்கால் போடுங்க"ன்னு சொல்லியும் விட்டேன். அவளுக்குக் கோவம். வந்தா வரட்டும்னு விட்டுட்டேன்.

பதினோரு மணியை மட்டும் நான் யாருக்கும் கொடுக்கல. ஏன்னா டாக்டர் சொல்லியிருந்தாரு, "பதினோரு மணி வாக்குல இதயத்தை நிப்பாட்டி வச்சுட்டுத்தான் தைப்போம். அதுவரைக்கும் மிஷின் ரத்தத்தை ஓட்டும்." இதயத்தை நிப்பாட்டுவாங்களாம் தாயி. இதைக் கேட்டுட்டு நான் அந்த நேரத்தை பியூலாகிட்ட கொடுப்பனா? குக்கர் விசிலுக்கும் அவிய உசுருக்கும் நடுவுல நான் யாரை நம்புததுக்கு? பதினோரு மணி என் முறைன்னு எழுதி, கீழ ரெண்டு கோடு போட்டேன்.

ஆபரேஷன் அன்னைக்கி அஞ்சரைக்கே நான் போனை எடுத்துட்டேன். ஐயரம்மாவை எழுப்பணும்லா. ஆறே காலுக்கு திரும்ப அடிச்சேன், ஆரம்பிச்சிட்டாங்களான்னு பாக்க. அவங்க போனை எடுத்து, "வயலெட், நான் முட்டங்கால்ல இருந்துதான் எந்திச்சு வந்து பேசுதேன்"னாங்க. அப்பயாவது எனக்குப் புத்தி வந்துதா? ஜெபம் பண்ணுதவளை எந்திக்க வச்சு, ஜெபம் பண்ணுதியான்னு கேக்குத ஒருத்தி ஒலகத்துல நான் ஒருத்திதான் இருப்பேன். கிருபாவதிக்கு மூணு தடவை அடிச்சேன். மூணாவது தடவை அவ பேரன் எடுத்து, "ஆச்சி முழிச்சுதான் இருக்கா"ன்னுட்டு வச்சிட்டான்.

எட்டு மணிக்கு பியூலா எடுக்கல. அடிக்கேன், அடிக்கேன், எடுக்கல. வார்டுக்குள்ள டவர் சரியாக் கெடைக்காது. மாடிப்படி ஜன்னல்கிட்ட போனாத்தான் கெடைக்கும். இவிய கட்டில்ல பச்சைத் துணியோட, தலையில தொப்பி மாதிரி ஒண்ணைப் போட்டு உக்காந்திருக்காவ. "வயலெட்"னாவ. நான், "இருங்க அத்தான், எட்டு மணி ஆளு எடுக்க மாட்டேங்கா, சங்கிலி அந்துரும்"னுட்டு படிக்கட்டுக்கு ஓடுனேன். அங்க நின்னு பதினஞ்சு நிமிஷம். கடைசியில எடுத்தா. போனை சார்ஜ்ல போட்டுட்டு உள்ள ஜெபிச்சுட்டு இருந்தாளாம். நான் போட்ட சத்தத்துல படியேறி வந்த நர்சு ஒதுங்கி நின்னா.

திரும்பி வந்தா கட்டில்ல ஆளைக் காணோம். தியேட்டருக்குக் கொண்டு போயிட்டாங்க. பக்கத்துக் கட்டில்காரம்மா, "இப்பத்தாம்மா கூட்டிட்டுப் போனாங்க, ஐயா ஒங்களைத் தேடுனாரு"ன்னாங்க. தண்ணி கேட்டிருப்பாவன்னு நெனச்சேன். ஆபரேஷனுக்கு முன்னால தண்ணி கொடுக்கக் கூடாதுல்லான்னு அந்தம்மாவுக்குப் பதில் வேற சொன்னேன்.

அப்புறம் ஒம்பது மணி, பத்து மணி, எல்லாரும் ஒழுங்கா எடுத்தாவ. சங்கிலி நல்லா ஓடிட்டு இருக்கு. பதினோரு மணி ஆச்சு. கீழ ஒரு பெரிய ஹால், பிளாஸ்டிக் நாற்காலி, மேல ஃபேன். முட்டங்கால் போட எடம் இல்ல, உக்காந்துட்டேன். முந்தானையைத் தலையில போட்டேன், கண்ணை மூடுனேன், "அன்புள்ள ஆண்டவரே"ன்னு ஆரம்பிச்சேன்.

அவ்வளவுதான் தாயி. அடுத்து என் காதுல விழுந்தது, "யம்மா, காலைத் தூக்குங்க, தரையைத் தொடைக்கணும்." தொடப்பமும் வாளியுமா ஒரு பொம்பளை நிக்கா. சுவத்துல கடியாரம் பன்னெண்டே முக்கால்.

தூங்கிட்டேன். சும்மா கண்ணசந்ததில்ல, வாயைத் தொறந்து, முந்தானையில எச்சி வடிய, ஒன்னே முக்கால் மணி நேரம். மூணு நாளா நான் கண்ணே மூடலைதான், அது வாஸ்தவம். ஆனா எப்பத் தூங்குனேன் பாரு. அவிய இதயம் நின்னுட்டு இருக்கு. ஒலகத்துல எந்தப் பொம்பளைக்கும் தூக்கம் வராத நேரம் அது. எனக்கு வந்துட்டு. சிலுவையில அறையுததுக்கு முந்துன ராத்திரி தோட்டத்துல ஆண்டவர் ஜெபம் பண்ணுதப்ப சீஷங்க தூங்குனதை எத்தனை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுத்திருப்பேன். "ஒரு மணி நேரம் முழிச்சிருக்க முடியலையே, எப்பேர்ப்பட்ட ஆளுங்க"ன்னு கைய ஆட்டி ஆட்டிச் சொல்லுவேன்.

எந்திச்சு ஓடுனேன். மாடிப்படியில மூச்சு வாங்குது. செத்துப் போயிருப்பாவ, நான் கொன்னுட்டேன்னு மட்டுந்தான் மனசுல ஓடுச்சு. தியேட்டர் வாசல்ல நர்சுகிட்ட கேட்டா, "நல்லபடியா முடிஞ்சுதும்மா, இதயம் சட்டுனு ஓட ஆரம்பிச்சிட்டு. டாக்டர் ஒங்களைத் தேடுனாரு, எங்க போனீங்க?"ன்னு கேட்டா. "ஜெபத்துல இருந்தேன்"ன்னுட்டேன். வாய் தானாச் சொல்லிட்டு.

அங்கதான் பிடிச்சுது சனியன்.

ஊருக்கு வந்தோம். ஞாயித்துக்கிழமை ஐயர் பீடத்துல நின்னு, "நம்ம சகோதரி வயலெட் கட்டுன ஜெபச் சங்கிலி"ன்னு அஞ்சு நிமிஷம் பேசுனாரு. வீட்டுக்கு ஆள் மாத்தி ஆள் வாராங்க. ஐயரம்மா, தன் மணியிலதான் பாரம் எறங்குச்சுன்னாங்க. பியூலா, தனக்கு எட்டரைக்கே ஒரு நிச்சயம் வந்துட்டுன்னா. கிருபாவதி, முழிச்சு இருந்தேன்னு மட்டும் ரெண்டு தடவை சொன்னா. எல்லாருமா என்கிட்ட திரும்பி, "பதினோரு மணிக்கு ஒங்களுக்கு எப்படி இருந்துதுக்கா?"ன்னாவ. நான் யோசிச்சேன். "ரொம்ப சமாதானமா இருந்துச்சு"ன்னேன். பொய்யில்லல்லா? அப்படியொரு சமாதானம் எனக்கு முப்பது வருஷத்துல கெடைச்சதில்ல.

இப்ப என்னன்னா, வர்ற ஞாயித்துக்கிழமை ஸ்தோத்திர ஆராதனை. ஆண்டவர் செஞ்ச நன்மையை சபைக்கு முன்னால நின்னு சொல்லணும், சாட்சின்னு சொல்லுவோம். பதினோரு மணியைப் பத்தி நான் சாட்சி சொல்லணும்னு ஐயர் அறிவிப்பே கொடுத்திட்டாரு. கத்தார்ல இருந்து மகன், "போன்ல வீடியோ எடுத்து அனுப்புங்கம்மா"ங்கான். போதாததுக்கு, அவளவளுக்குக் கஷ்டம்னா என்கிட்ட வந்து, "யக்கா, எங்களுக்கும் ஒரு சங்கிலி கட்டுங்க, முக்கியமான மணியை நீங்களே வச்சுக்கோங்க"ன்னு நிக்காங்க. பல்லைக் கடிச்சிட்டு எழுதிக் கொடுக்கேன். பீடத்துல நின்னு பொய் சொன்னா நாக்கு ஒட்டிக்கிடுமோன்னு பயம். உண்மையைச் சொன்னா மூஞ்சியில முழிக்க முடியாது. மாத்திரையை ரெண்டாக்கலாமான்னு டாக்டர்ட்ட கேட்டேன், கூடாதுன்னுட்டாரு.

போன செவ்வாக்கிழமை தாங்க முடியாம இவியகிட்டயே சொல்லிட்டேன். சாயங்காலம், முன்னறையில சாய்வு நாற்காலியில பேப்பர் வாசிச்சுட்டு இருந்தாவ. நான் பக்கத்துல தரையில உக்காந்து மொச்சை உரிச்சுட்டு இருந்தேன். "அத்தான், ஒங்க இதயத்தை நிப்பாட்டி வச்சிருந்த நேரத்துல நான் ஜெபம் பண்ணல. தூங்கிட்டேன்"னேன். பேப்பர் அசையல.

"எவ்வளவு நேரம்?"

"ஒன்னே முக்கால் மணி நேரம்."

"ஃபேன் ஓடுச்சா?"

"ஓடுச்சு."

"சரி"ன்னாவ. பேப்பரை மடிச்சாவ. எனக்கு அழுகை வந்துட்டு. திட்டுனாலும் தாங்கிக்கிடலாம், சரின்னா என்ன செய்யது? "எல்லாரையும் எழுப்பி எழுப்பி விட்டுட்டு நான் தூங்கிட்டேனே"ன்னு சொல்லி அழுதேன். மடிச்ச பேப்பரைக் கீழ வச்சாவ. அப்புறம், "நீ தூங்குனதுல எனக்கு ஒண்ணுமில்ல வயலெட்"னாவ. "எட்டு மணிக்கு எங்க போன?"

"பியூலாவுக்குப் போன் போட."

"ஸ்ட்ரெச்சர்ல ஏத்துனாங்க. ரெண்டு நிமிஷம் நில்லுங்க, அவ வரட்டும்னேன். பொறவும் ஒரு நிமிஷம் நில்லுங்கன்னேன். லிஃப்ட் வந்துட்டு சார்ன்னு தள்ளிட்டுப் போயிட்டாங்க." இதைச் சொல்லுதப்ப என்னையப் பாக்கல. "பயமா இருந்துச்சு"ன்னாவ.

எனக்கு மொச்சை கையில அப்படியே இருக்கு. "நீங்களா? நீங்க பயப்படவே மாட்டியளே அத்தான். புயல் அடிச்சாக்கூடத் தூங்குவியளே"ன்னேன்.

"தூங்குனேன்னு யாரு சொன்னா? கண்ணை மூடிட்டுப் படுத்திருப்பேன். ரெண்டு பேரும் எந்திச்சு நடந்தா வீடு என்னத்துக்கு ஆவும்?"

முப்பத்துமூணு வருஷம் தாயி. அந்தக் கண்ணுக்குள்ள என்ன இருக்குன்னு நான் பாக்கல. எனக்குப் பயம்னா ஊரே அறியும். ஐயருக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும், மீட்டர் பாக்க வாரவனுக்குத் தெரியும். அவிய பயத்துக்கு ஒரு வசனம் ஒட்டக்கூட எடம் இல்லாம நானே வீடு முழுக்க ஒட்டி வச்சிருக்கேன். "பதினோரு பேரு எனக்காக ஜெபிச்சாங்க, நல்லதுதான்"னாவ. "நான் தேடுனது ஒரே ஆளை." கோவமாச் சொல்லல. கணக்குல தப்புப் போட்ட பிள்ளைக்கு எடத்தைத் தொட்டுக் காட்டுத மாதிரித்தான் சொன்னாவ. எனக்கு அடி வாங்குனா நல்லா இருந்திருக்கும்னு தோணுச்சு.

பொறவு நான் கேட்டேன், "அப்ப ஸ்ட்ரெச்சர்ல எப்படித்தான் போனிய?"ன்னு. "ஆண்டவரே, ஆண்டவரேன்னுதான். அதுக்கு மேல ஒண்ணும் வரல"ன்னாவ. நானும் அதேதான் சொன்னேன் பாத்துக்கோ. "அன்புள்ள ஆண்டவரே"ன்னேன், அதுக்கு மேல வரல. அவிய மயக்க மருந்துல போயிட்டாவ, நான் ஃபேன் காத்துல போயிட்டேன். அந்த நேரத்துல முழிச்சிருந்தது யாரு? நான் கட்டுன சங்கிலி அந்து தொங்குச்சு. ஆண்டவர் விட்டுட்டாரா? விடலையே. போன் போட்டு எழுப்பாமலே அவரு பாட்டுக்கு முழிச்சிருந்திருக்காரு. இத்தனை வருஷம் கோயிலுக்குப் போயும் இது எனக்குத் தெரியாமப் போச்சே.

ஞாயித்துக்கிழமை என்ன சொல்லப் போறேன்னு கேக்கியா? அவியகிட்டயே கேட்டேன். "உள்ளதைச் சொல்லு"ன்னாவ. "நீங்க பயந்ததையும் சொல்லவா?"ன்னேன். ரொம்ப நேரம் யோசிச்சாவ. ஊர்ல பாதிப் பேரு அவிய பிரம்பைப் பாத்து வளந்தவங்க. "சொல்லு"ன்னுட்டாவ. அதனால நாலே வாக்கியம் வச்சிருக்கேன். அவிய பயந்தாவ, நான் தூங்கிட்டேன், சங்கிலி அந்துட்டு, ஆண்டவர் எங்களை விடல. அவ்வளவுதான் சாட்சி. பியூலா என்ன பேசுவாளோ, கிருபாவதி எப்படிச் சிரிப்பாளோன்னு நெனச்சா இப்பவே உள்ளங்கை வேர்க்குது, தொட்டுப் பாரு. பயம் போச்சான்னு கேட்டா போகல தாயி. பூட்டை இன்னைக்கும் அஞ்சு தடவை இழுத்தேன்னு சொன்னேன்லா. ஆனா ராத்திரி ஜெபம் சின்னதாயிட்டு. "நான் படுக்கப் போறேன், நீங்க பாத்துக்கோங்க"ன்னுட்டு படுத்திருதேன். சில நாள் தூக்கம் வருது. வராத நாள்ல அவிய கையைத் தடவிப் பாக்கேன், அவியளும் முழிச்சுத்தான் கெடக்காவ.

இது எந்த ஊரு, சாத்தூரா? அந்தா, அவிய பக்கத்துல இருந்த ஆளு பையை எடுக்கான், எறங்குதான் போல. கொஞ்சம் காலை ஒதுக்கு தாயி, நான் அங்க போயிருதேன். இன்னைக்கி ஸ்கேன் எடுத்துத்தான் தையல் எப்படி இருக்குன்னு சொல்லுவாங்களாம். கண்ணை மூடிட்டு உக்காந்திருக்காவ பாரு. பஸ்சு எடுத்ததுல இருந்து அப்படித்தான் இருந்திருப்பாவ. நான் இங்க உக்காந்து ஒன்கிட்ட இதையே சொல்லிட்டு வந்திருக்கேன்.